மீனுக்குத் தேதி வியாழன்

இரண்டு துண்டு சால்மன்.
முப்பத்தெட்டு ரிங்கிட் தொண்ணூறு காசு என்பதன்மேல்
மஞ்சள் சீட்டு ஒட்டி இருபத்தேழாக்கியிருந்தார்கள்.
வாங்கியது செவ்வாய் இரவு,
பதவி உயர்வு உறுதி என்று மேலாளர் கண்ணடித்த அன்று.
கடிதம் வந்தது புதன் மதியம்.
மீனுக்குத் தேதி வியாழன்.
இன்று வியாழன்.
ஒரு நாளை எப்படியோ சொல்லாமல் கடத்திவிட்டேன்.

பாயான் பாருவில் பதினொன்றாம் மாடி.
விமானம் இறங்கும்போது
அலமாரிக் குவளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் வீடு.
இந்த மீனும் இப்படித்தான் வந்திருக்கும்,
நோர்வேயிலிருந்து, பனிக்கட்டிப் பெட்டியில்,
எங்கள் தலைக்கு மேலாக.
பதினான்கு வருடம் நான் பார்த்துக்கொண்ட இயந்திரம்
போகப்போவதும் அதே வழி என்கிறார்கள்.
ஹனோய்க்குப் பக்கத்தில் ஏதோ ஊர்.
இரண்டு முறை கேட்டும் பெயர்
நாக்கில் நிற்கவில்லை.

முதலில் ஈரம் போகவேண்டும்.
டிஷ்யூவால் ஒற்றி ஒற்றி எடுத்தேன்.
ஆரஞ்சுச் சதையின் வெள்ளை வரிகள்
விரலுக்கடியில் வழுக்கின.
கெம்போங் மீனைப்போல் முரண்டு பிடிக்காது,
முள் குத்தாது, செதில் தெறிக்காது.
அலுவலகத்து ஆள்.

தோல் கீழாக வாணலியில் வைத்தேன். சீறியது.
ஓரம் சுருளாமல் கரண்டியால் அழுத்தி
இருபது எண்ணினேன்.
அப்புறம் தொடக்கூடாது.
அவசரப்பட்டுப் பெயர்த்தால்
தோல் சட்டியோடு தங்கிவிடும்.
முறுகியபின் தானாகவே விடும்.
ஆறு நிமிடம்.
அதற்குள் சொல்லிப் பார்த்தேன்.

"சுகுணா, ஒரு விஷயம்."
கடன் கேட்பவன் குரல்.
"சுகுணா, கம்பெனியில ஆள் குறைக்கிறாங்களாம்."
வேறு யாருக்கோ நடந்தது.
"சுகுணா, நீ முதல்ல சாப்பிடு."
ஊரில் யாரோ செத்துவிட்டார்கள்.

பக்கத்து அடுப்பில் பாகு.
குலா மலாக்கா அரை வில்லை, கிச்சாப்,
நசுக்கிய இஞ்சி,
சிலி பாடி நான்கு, விதையோடு.
வெல்லம் கரையும்வரை சோம்பேறி.
கரைந்தபின் அதனிடம்
கண்ணை எடுக்கக்கூடாது.

மீனைத் திருப்பினேன்.
இணுக்குத் தோல்கூடச் சட்டியில் இல்லை.
அதை யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது.
லிஃப்ட் மணி.
அவள் நடை.
இடது செருப்பைத்தான் முதலில் கழற்றுவாள்.
நான்காவது வாக்கியத்தைத் தேடி
வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன வாடை?"
மருத்துவமனை அட்டையைக்
கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டே வந்தாள்.
"கருகிப்போச்சு."
"எது?"
"வேலை" என்றேன்.
ஒத்திகையில் இல்லாத சொல்.

குவளைகள் தொட்டுக்கொண்டன.
அந்தச் சத்தம் ஓயும்வரை நின்றாள்.
பிறகு பையை வைத்தாள், அடுப்பைத் தணித்தாள்.
அடியைக் கிளறாமல்
மேல்பாகை மட்டும் வேறு கிண்ணத்தில் சாய்த்தாள்.
கொஞ்சம் வெந்நீர், இரண்டு கஸ்தூரி எலுமிச்சை.
விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.
முகத்தில் ஒன்றும் இல்லை.
இன்னொன்று பிழிந்தாள்.

சோற்றுக்கு ஒத்துவராது என்றுதான் நினைத்திருந்தேன்.
வந்தது.
முதலில் இனிப்பு,
பிறகு, தெரிந்த ஆளைக் கூட்டத்தில் கண்டதுபோல்,
எங்கிருந்தோ காரம்.
கசப்பும் இருந்தது.
இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

என் தட்டிலிருந்து தோலை எடுத்துக்கொண்டாள்,
எப்போதும்போல், கேட்காமல்.
அது நொறுங்கும் சத்தத்துக்கு நடுவே கேட்டாள்:
"எத்தனை மாசச் சம்பளம் தர்றாங்க?"

வாயில் சோறு.
விரல்களைக் காட்டினேன்.
பாகில் ஒட்டிக்கொண்டு கிடந்தன.
"மூணா, நாலா?" என்றாள்,
என் கையைப் பிடித்து
ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து.