முறத்துக் கடல்

மோர்ப்பண்ணையில் கடல் சத்தம் போடாது.
பெண் கடல் என்பார்கள்.
முழங்கால் ஆழத்தில் எவ்வளவு தூரம் நடந்தாலும்
சேறு மட்டும்தான் ஏதாவது சொல்லும்.
ஆகவே நாடகத்துக்குக் கடல் வேண்டுமென்றால்
முறத்தில் அரைப்படி உளுந்தைக் கொட்டி
நான்தான் சாய்க்க வேண்டும்,
இடமிருந்து வலம், மெதுவாக,
பிறகு யாரோ கோபித்துக்கொண்டு திரும்புவதுபோல்.

ஐஸ் கம்பெனிக்கு மேல்மாடி. ஒரே அறை.
சுவரெல்லாம் முட்டை அட்டை.
சனிக்கிழமை ஆறரைக்கு
மின்விசிறியை நிறுத்திச் சிவப்பு விளக்கைப் போட்டதும்
நால்வருக்கும் வியர்க்கத் தொடங்கியது.

முதலில் பேச்சு.
சினை நண்டைக் கடலிலேயே விடுவது பற்றி, எட்டு நிமிடம்.
அமலோற்பவம் எழுதி வந்த தாளை
வலையிலிருந்து நண்டு கழற்றுகிற வேகத்தில் வாசித்து
நாலரை நிமிடத்தில் முடித்துவிட்டாள்.
கடிகாரத்தைக் காட்டினேன்.
தாளைத் திருப்பினாள். வெள்ளை.
"சரி, இப்ப நிறுவையப் பத்திச் சொல்றேன்."

ஒரு கிலோவுக்கு எத்தனை கிராம் என்று
யார் தராசு எப்படிச் சொல்கிறது,
கால் உடைந்த நண்டு எந்த வாசலில் பாதி விலைக்கு நுழைந்து
எந்தப் பின்கதவில் முழு விலைக்கு வெளியேறுகிறது.
அந்த வாசல்தான்
இந்த நிகழ்ச்சியை உங்களுக்கு வழங்குகிற வாசல்.
என் விரல் குமிழின் மேல் இருந்தது.
குமிழ் சூடாக இருந்தது.
மூன்றரை நிமிடமும் அங்கேயே இருந்தது.

"நன்றி நேயர்களே" என்று அவள் எழுந்ததும்
அதே கம்பெனியின் விளம்பரம் போனது,
சலங்கைச் சத்தத்தோடு.

நாடகம்,
தொண்டிப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் எழுதியது.
வாடை மாதம். படகு திரும்பவில்லை.
மனைவியாக நம்புநாயகி,
இரண்டு நாள் ஒத்திகையிலும் அழுகையே வராதவள்.
சாய்த்தேன். மறுபடி சாய்த்தேன்.
உளுந்து போதாதென்று தோன்ற
மேசையில் கிடந்த சில்லறையையும் அள்ளிப் போட்டேன்.
அப்போது வந்தது
எனக்கே தெரியாத ஊர்க் கடல்.

நம்புநாயகி தாளை விட்டுவிட்டு
முறத்தையே பார்த்தாள்.
வாத்தியார் எழுதியிருந்தது "ஐயோ, என் சாமி."
அவள் சொன்னது: "கொஞ்சம் மெல்ல."
யாரிடம் சொன்னாள் என்று
கேட்டவர்களுக்குத் தெரிந்திருக்காது.
மெல்லச் சாய்த்தேன்.

கடைசியாகப் பாட்டு.
தேவிபட்டினம் கலந்தர் மஸ்தான். வலை இழுக்கிற அம்பா.
முன்னடி ஒருவன் கொடுக்க
பின்னடியை இருபது பேர் வாங்க வேண்டும்.
இருபது பேரை எங்கள் மாடிப்படி தாங்காது.
தனியாக வந்தார்.
முன்னடியைப் பாடிவிட்டு
பின்னடிக்கான இடத்தை அப்படியே விட்டார்,
கயிறு அந்தப் பக்கம் இருக்கிறது என்பதுபோல்.

நாலு விநாடி மௌனம் போனால் கீச்சிடும் பெட்டி எங்களுடையது.
மூன்று வரை எண்ணுவேன். அடுத்த அடி எடுப்பார்.
மறுபடி மூன்று.
கீழே ஐஸ் உடைக்கிறவன்
கட்டையை எந்த நேரத்தில் இறக்குகிறான் என்பதை
ஐந்தாவது அடியில்தான் கவனித்தேன்.

எட்டு மணி. விளக்கு அணைந்தது. விசிறி சுற்றியது.
உளுந்திலிருந்து சில்லறையைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது
மூன்று போன் வந்தது.
கம்பெனிக்காரர், அமலோற்பவத்தின் வீடு எது என்று கேட்டார்.
தெரியாது என்றேன். அவள் என் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தாள்.
அடுத்தது ராங் நம்பர்.
மூன்றாவது ஒரு பெண், ஊர் சொல்லவில்லை.
"நாடகத்துல வந்துச்சே, அது எந்தக் கடல்?"
உளுந்து என்று சொல்லலாமா என்று யோசிப்பதற்குள்
"எங்க பக்கத்துது இல்ல" என்றாள் அவளே.

போனை வைக்கவில்லை.
நானும் வைக்கவில்லை.
முறம் மடியில் இருந்தது.
ஒரு மணிகூட உருளாமல்
பிடித்துக்கொண்டிருந்தேன்.