கூரை நிதிக்கு ஒரு மிடறு

நவம்பர். கீத் ஊர்ப் பொது மண்டபத்தில்
ஒழுகும் கூரைக்காகப் புட்டியை உடைத்தார்கள்.
எழுபத்துநான்கில் வடித்த சிங்கிள் மால்ட்.
முப்பத்தோரு வருஷம் ஷெர்ரிப் பீப்பாயில் கிடந்தது.
வடித்த ஆலை இப்போது டயர் கிடங்கு.
ஒரு மிடறு நாற்பது பவுண்டு.
இருபத்திரண்டு மிடறு, இருபத்திரண்டு பேர்.
கடைசிச் சீட்டு எனக்கு.

எனக்கு வேலை தண்ணீர்.
ஸ்பே ஆற்றங்கரை ஊர்களில், நீர்த்தேக்கங்களில்,
பள்ளிக்கூடக் குழாய்களில்
குப்பியில் பிடித்துச் சீட்டு ஒட்டி
இது குடிக்கலாம், இது கூடாது என்று எழுதுபவள்.
அதனால்தான் மேசையில் இருந்த கண்ணாடிக் குடுவையைக் கண்டதும்
"எந்த ஊற்று?" என்று கேட்டுவிட்டேன்.
"சமையலறைக் குழாய்" என்றாள் மோராக் கெடிஸ்.
எல்லாரும் சிரித்தார்கள்,
யூயன் ரென்னியைத் தவிர.

ஓய்வுபெற்ற தபால்காரர்.
கைக்குட்டையில் சுற்றித்
தன் கோப்பையைத் தானே கொண்டுவந்திருந்தார்.
"மரம் முப்பத்தோரு வருஷம் பாடுபட்டிருக்கிறது.
அதன் தலையில் தண்ணீர் தெளிக்கிற ஆளை
என் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள்."
காலி நாற்காலி அவர் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது.

நிறம்,
மருதாணி வைத்த மறுநாள் உள்ளங்கை.
மோந்தால் முதலில் மெழுகு தேய்த்த அலமாரி,
கதவைத் திறந்தால் பேரீச்சை, கிராம்பு,
தீபாவளி லேகியம்,
கூடவே, நிஜமாகவே,
கிழித்து அணைத்த ஒற்றைத் தீக்குச்சி.

வெறுமையாக ஒரு மிடறு.
சூடு இறங்கும் என்று காத்திருந்தேன்.
இறங்கவில்லை, நாக்கின் நடுவில் குந்திக்கொண்டது.
வெகுநேரம் கழித்து எழுந்து போனபோது
கன்னங்களின் உட்புறத்தைச் சுருட்டி எடுத்துப் போனது,
கொட்டைப்பாக்கு போல.
"காய்ந்திருக்கிறது" என்று தலையாட்டினார் யூயன்.
ஈரமான ஒன்றைக் காய்ந்தது என்கிறார்கள் இங்கே.
துவர்ப்பு என்றேன்.
சொல்லிப் பார்த்தார்: தூவாப்பூ.
பூவாகிவிட்டது.
திருத்த மனம் வரவில்லை.

என் பையில் எப்போதும் ஒரு பிப்பெட் இருக்கும்.
உறையைக் கிழித்தேன்.
ஊசி போடும்போது பார்க்காமல் இருப்பவர்போல
யூயன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
ஒரு சொட்டு.
எண்ணெய் நூல்கள் சுழன்று நெளிந்தன.
இரண்டு. மூன்று.
தெளிந்திருந்தது மெல்லக் கலங்கியது.
கலங்குவதற்கு என் மொழியில் கோப்பையும் வேண்டாம்,
கண் போதும்.
தீக்குச்சியைக் காணோம்.
பூட்டிய அறைக்குள் யாரோ
ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள்.
கதவைத் தட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது

கூரை.

ஒரே சொட்டு.
நேராக யூயன் ரென்னியின் கோப்பையில்.

பேச்சு நின்றது.
மேலே பார்த்தார். கீழே பார்த்தார்.
மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள்,
நான்தான் ஆள் வைத்ததுபோல.
ஓட்டுப் பாசி, புறா எச்சம், ஆணித்துரு:
தொழில்முறையில் சொன்னால், கூடாது.
வாயைத் திறக்கவில்லை.

மோந்தார்.
குடித்தார்.
தபால் உறையில் யார் கையெழுத்து என்று பார்ப்பவர்போல
நெற்றியைச் சுருக்கிக்கொண்டு
நெடுநேரம் விழுங்காமல் இருந்தார்.
"உன் தூவாப்பூ போய்விட்டது" என்றார் கடைசியில்,
புகார்போல.

வாளியோடு ஓடிவந்த மோராக்கைப்
புறங்கையால் நிறுத்தினார்.
கோப்பையை அரை அங்குலம்
இடப்பக்கம் நகர்த்தினார்.
இருபத்தொரு பேரும் சேர்ந்து கூரையைப் பார்த்தோம்.
எண்ணூற்றெண்பது பவுண்டு வசூலான கூரை அது.
விரிசலின் விளிம்பில் ஏதோ மினுங்கியது,
திரண்டது,
விழவில்லை.
வெளியே மழை நின்றுபோயிருந்தது.

இன்னும் மேலேயே பார்த்தபடி
யூயன் ரென்னி என் பக்கம்
கையை மட்டும் நீட்டினார்.
பிப்பெட்டை வைத்தேன்.