ஏழடி ஒன்பதங்குலம்

பெறுநர் என்று தட்டிவிட்டு நிறுத்தியிருக்கிறேன்.
எட்டடிக்கு மேற்பட்ட அயல்நாட்டுப் பாம்பை
விற்கவோ வாங்கவோ கைமாற்றவோ கூடாதென
வரைவு எழுதிய கை
ஒரு பாம்பையாவது நேராகப் படுக்க வைத்துப்
பார்த்திருக்குமா?

நான் கூத்தாநல்லூர் ஜபருல்லா.
கீழே ஜெராக்ஸ் கடை.
மாடியில் பதினொரு கண்ணாடிப் பெட்டி,
இன்வெர்ட்டர் ஒன்று. எனக்கல்ல, அவற்றுக்கு.
கஜா அடித்துப் பதினேழு நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது
வெந்நீர் பாட்டிலைக் கைலியில் சுற்றி
மூன்று மணிக்கொரு தரம் மாற்றி வைத்தவன்.
இதெல்லாம் மனுவில் வராது.

சுருளி போவா இனம். முட்டையிடாது.
போன பங்குனியில் இருபத்திரண்டு குட்டி,
கட்டைவிரல் கனத்தில்.
ஒவ்வொன்றுக்கும் பதிவெண், பில், வாங்கியவர் ஆதார் நகல்.
நகலுக்குக் காசு வாங்கியதில்லை.

ஒரு தப்பு நடந்தது, மறைக்கவில்லை.
நீடாமங்கலத்துப் பையன் ஒருவன்
கல்யாணம் நிச்சயமானதும்
வெண்ணாற்றங்கரையில் கொண்டுபோய் விட்டுவிட்டான்.
நாலு ராத்திரி டார்ச்சோடு அலைந்தேன்.
ஐந்தாம் நாள் நடவுக்கு வந்த பெண்கள்
மோட்டார் கொட்டகையில் பார்த்துக்
கூச்சல் போடாமல் வனத்துறைக்குச் சொன்னார்கள்.
தோலுக்கடியில் பொன்னி அரிசியளவு சிப் இருந்தது.
சிப்பில் எண், எண்ணுக்கு என்னிடம் பில்,
பில்லில் அவன் வீட்டுக் கதவு எண்.

அய்யா,
உங்கள் சட்டம் வந்தால் பாம்பு போகாது.
பில் போகும்.
ஆம்னி பஸ்ஸின் அடிவயிற்றில்,
மல்லிக்கூடைக்குக் கீழே, தலையணை உறைக்குள்
முடிச்சுப் போட்டு வரும்.
அதற்குச் சிப் இருக்காது, ஊர் இருக்காது.
ஆற்றில் விட்டால்
யார் விட்டதென்று ஆறா சொல்லும்?

பாம்பு கடித்துச் செத்தவர்கள்
எங்கள் பக்கத்திலும் உண்டு.
கட்டுவிரியன், கண்ணாடிவிரியன்.
வரப்பில், வைக்கோல் போரில், இருட்டில் போட்ட செருப்பில்.
அவற்றை யாரும் விற்கவில்லை, வாங்கவில்லை.
நாகப்பட்டினம் என்று பெயர் வைத்துக்கொண்டு
நாம் என்ன பயப்படுகிறோம் என்று
எழுதி, அழித்துவிட்டேன்.
அதிகாரிக்கு அது கிண்டலாய்ப் படும்.

பக்கத்துத் தையற்கடை அற்புதமேரியை
அளக்கக் கூப்பிட்டேன். வாசலிலேயே நின்றாள்.
பிறகு வந்தாள், டேப்போடு.
அறுபது அங்குலத்தில் டேப் முடிந்துவிட்டது,
பாம்பு முடியவில்லை.
முடிந்த இடத்தில் சாக்பீஸால் தரையில் கோடு போட்டு
மறுபடி ஆரம்பித்தாள்.
சுருளி மூச்சு இழுத்தால் ஒரு அங்குலம் கூடுகிறது,
விட்டால் குறைகிறது.
கடைசியில்,
ரவிக்கைக்குச் சொல்வது போலச் சொன்னாள்:
ஏழடி ஒன்பது.

"மூணு அங்குலம் மிச்சம் இருக்குல்ல அண்ணே,
இரையைக் கொஞ்சம் கொறச்சுப் போடுங்க.
வளராது."

நல்ல மனசோடுதான் சொன்னாள்.
எனக்கு அங்கேதான் வயிற்றைக் கலக்கியது.
இன்று அவளுக்குத் தோன்றியது
நாளை எத்தனை மாடிகளில் எத்தனை பேருக்குத் தோன்றும்,
சட்டத்துக்குள் அடங்க
ஒரு உயிரைப் பட்டினி போட்டுக் குட்டையாக்கலாமென்று.

எனக்கு ஐம்பத்தெட்டு. சர்க்கரை முந்நூறு.
டாக்டர் என் கால் விரலை
நாலு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.
சுருளிக்கு இன்னும் பதினைந்து வருஷம் இருக்கிறது.
திருவாரூரில் பூவராகன் என்றொரு பிசிக்ஸ் வாத்தியார்
பெட்டி செய்து, விளக்கு மாட்டிக்
காத்திருக்கிறார், எனக்குப் பிறகு என்று.
கைமாற்றக் கூடாது என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டுமாவது
எடுத்துவிடுங்கள்.
லைசென்ஸ் கேளுங்கள், தருகிறேன்.
வருஷத்துக்கொருதரம் வந்து எண்ணிப் பாருங்கள்.
டீ போடுகிறேன்.

பெறுநர் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.
மேரி டேப்பை டெட்டால் போட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.
இன்று வியாழன், இரை நாள்.
வெந்நீர்க் குவளையில்
ஐஸ்பெட்டி எலி உருகிக்கொண்டிருக்கிறது.
இரண்டு எலி.
குறைக்கவில்லை.