இரண்டு பாகம், கறுத்த சேறு

பருமல் விரிசல் விட்டது மாலை ஐந்துக்கு.
பாயைப் பாதி இறக்கிக்கொண்டு
புன்னைக்காயல் பொழியைப் பார்த்துத் திருப்பினோம்.
அமாவாசைக்கு மறுநாள், கார்த்திகை.
ஆற்றில் மலைத்தண்ணீர் இன்னும் சிவப்பாக
இறங்கிக்கொண்டிருந்தது.

வத்தத்தில் நுழைவது பைத்தியம் என்றான் தொபியாஸ்.
வத்தத்தில்தான் ஆறு பல்லைக் காட்டும் என்றேன்.
அதோ திட்டு. அதோ யாரோ விட்டுப்போன வலைக்கழி.
கொக்கு நிற்கிற இடத்தில் முழங்காலுக்கும் கீழே.
கொக்கு நீந்தாது, அதை நம்பலாம்.

ஈயக்குண்டின் அடிக்குழியில்
பார்சோப்பு ஒரு துண்டு அப்பி இறக்கினேன்.
முதலில் சிப்பித்தூள் ஒட்டி வந்தது.
வேண்டாம், நங்கூரம் அதில் உழும், பிடிக்காது.
அடுத்து ஒன்றுமே ஒட்டவில்லை, பாறை.
அலையாத்திப் புதருக்குத் தெற்கே
கறுத்த சேறு வந்தது, நாறிக்கொண்டு.
இரண்டு பாகம்.
இங்கே, என்றேன்.

இரண்டு பாகத்துக்கு மட்டும் கயிறு விடவில்லை.
நடுச்சாமத்தில் ஏறப்போகிற தண்ணீருக்கும்
அது இறங்கும்போது இழுக்கப்போகிற இழுப்புக்கும் சேர்த்து
பதினாலு.
வள்ளம் அவ்வளவு தூரத்துக்கு ஒரு வட்டம் போடும்.
அந்த வட்டத்தைக் கண்ணால் ஒரு சுற்று நடந்து பார்த்தேன்:
திட்டு இல்லை, கழி இல்லை, ஆள் இல்லை.
கரையில் உப்பளத்துக் குழல்விளக்கு,
அதற்கு நேர் முன்னே தலை போன பனை.
விளக்கு பனையை விட்டு ஒரு விரல் விலகலாம்.
இரண்டு விரல் என்றால் எழுப்பு, என்றேன் தொபியாஸிடம்.
அவன் அதற்குள் தூங்கியிருந்தான்.

அப்புறம் லேயோன் வந்தான்.
என் தங்கையைக் கட்டியவன்.
திருச்செந்தூர் முன்சீப் கோர்ட்டில் எனக்கு எதிர்க்கட்சி.
சேர்ந்து வாங்கிய எஞ்சின்
கழுத்தில் சீட்டுக் கட்டி
கோர்ட்டு வராந்தாவில் துருப்பிடிக்கிறது.
அதனால்தான் இரண்டு பேரும் பாய் விரிக்கிறோம்.

எங்களுக்கு மேலே, ஆற்றுப் பக்கம், நங்கூரம் போட்டான்.
கயிறு ஓடும் சத்தத்தை இருட்டில் எண்ணினேன்.
ஐந்து பாகம்.
சொல்லியிருக்கலாம்.
எதிர்க்கட்சியோடு பேசாதே என்று வக்கீல் சொல்லியிருந்தார்.
வக்கீலை நினைத்துக்கொண்டு போர்த்திப் படுத்தேன்.

ஏத்தம் சத்தமில்லாமல் வந்து
எங்கள் அணியத்தைக் கடல் பக்கம் திருப்பி வைத்தது.
இரண்டு மணிக்குத் தண்ணீர் நின்றது.
ஒரு தவளை. ஒரு கொசு. பிறகு
வத்தமும் ஆறும் ஒரே பக்கம் கிளம்பின.
கயிறு முறுகும் சத்தத்தில் விழித்தேன்.

அவன் வள்ளம் குறுக்காக வந்துகொண்டிருந்தது,
அணியத்தில் அரிக்கேன் எரிய,
நங்கூரத்தைச் சேற்றின் மேலே பூனைக்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு.
தொபியாஸ் காலை நீட்டித் தாங்கினான்.
நான் கயிறு எறிந்தேன்.
கயிறுதானே, பேச்சில்லையே.

ஒரு நங்கூரத்தில் இப்போது இரண்டு வள்ளம்.
மிச்சமிருந்த ஆறு பாகத்தையும் விட்டேன்.
விரலைக் கயிற்றில் வைத்துப் பார்த்தேன்:
இழுபடுகிற நங்கூரம் துடிக்கும்.
துடிக்கவில்லை.
இடையில் அவன் ஒரு சைக்கிள் டயரைத் தொங்கவிட்டான்.
"அடையாளம் எது?"
விளக்கையும் பனையையும் காட்டினேன்.
சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

அவன் கையெழுத்தே பொய் என்று
பிரமாணம் போட்டவன் நான்.
அவன் பார்த்துக்கொள்வான் என்று தூங்கிவிட்டேன்.

விடிந்தபோது கயிறு அவிழ்ந்து, சுருட்டி,
எங்கள் தளத்தில் கிடந்தது, அவன் சுருட்டுகிற மாதிரி, இடப்பக்கமாக.
பாய் ஏற்றிவிட்டான்.
"பொழி வத்துமுன்ன போயிருங்க" என்றான்,
என்னைப் பார்த்தல்ல, தொபியாஸைப் பார்த்து.

வாய்தா பதினேழாம் தேதி.

சோப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது.
தொபியாஸ் அதில் முகம் கழுவினான், சேற்றோடு.