முதல் விழுகை

ஆர்ஹூஸிலிருந்து இரண்டு பெட்டிகளோடு வந்தேன்.
ஒன்றில் இரும்பு. இன்னொன்றிலும் இரும்பு.
துறைமுகத்தில் சுங்கக்காரர் கேட்டார், என்ன இது?
விளையாட்டு வீரன், என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

ஏட்டில் அதன் பெயரே அப்படித்தான்: செயற்கை வீரன்.
இருபது கிலோ எடை, ஒரு சுருள்வில்,
விரல்கள் இல்லாத வட்டப் பாதம்.
ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழும்,
என் கட்டைவிரல் நீளம்கூட வராது.
விழுந்த அடியில் தரை எவ்வளவை வாங்கிக்கொண்டது,
எவ்வளவைக் காலுக்கே திருப்பிக் கொடுத்தது
என்று சொல்லும்.

ஃபாரோ தீவுகளில் புல்லுக்குப் பஞ்சமில்லை.
மலை முழுக்கப் புல், வீட்டுக் கூரையிலும் புல்,
செங்குத்தில் தொற்றிக்கொண்டு மேயும் ஆடுகள்.
சமதளம் என்று இருப்பது ஒன்றே ஒன்று,
கடலுக்கும் மீன் ஆலைக்கும் நடுவே.
அதில் பிளாஸ்டிக்.
"இந்த மழைக்குப் புல் போட்டிருந்தால்
அக்டோபரில் நாற்று நடலாம்" என்கிற அர்த்தத்தில்
திடல் பொறுப்பாளர் தோர்மோதுர் ஏதோ சொன்னார்.
பொய்யில்லை.

கோல் வாசலில் மண்டியிட்டேன். கார்னரில், நடுவட்டத்தில்.
ஓரிடத்துக்கு மூன்று முறை விடவேண்டும்.
முதல் விழுகையை எழுதக் கூடாது.
அது இழைகளைப் படியவைக்கும், ரப்பர் துகளை அடக்கும்,
அவ்வளவுதான் அதன் வேலை.
அடுத்த இரண்டின் சராசரியே கணக்கு.

இரவு ஷிப்டு முடிந்து,
சால்மன் செதில் ஒட்டிய பூட்ஸோடு
மார்யுன் வந்து கம்பியில் சாய்ந்தாள்.
இடதுபக்கத் தடுப்பாட்டக்காரி. எட்டு மாதமாக ஆடவில்லை.

"இது ஓடி வந்து விழுமா?"
இல்லை. நேர் கீழே மட்டும்.
"திரும்புமா?"
அதற்கு வேறு கருவி. ஆணிகள் வைத்த தட்டு, முறுக்கிப் பார்ப்பேன்.
"எண்பதாவது நிமிடத்தில் அதற்குக் களைக்குமா?
மறுநாள் காலை படி இறங்கும்போது வலிக்குமா?"
பெட்டியின் கொக்கியைத் தேவையில்லாமல் ஒருமுறை சரிபார்த்தேன்.

பிறகு அவளே சொன்னாள், கடலைப் பார்த்தபடி:
"புல்லாக இருந்திருந்தால் பிய்ந்து வந்திருக்கும்,
ஒரு கைப்பிடி மண்ணோடு.
இது பிய்யவில்லை. ஷூவைப் பிடித்துக்கொண்டது.
நான் திரும்பினேன், பாதம் திரும்பவில்லை.
இரண்டில் ஒன்று பிய்ந்துதானே ஆகவேண்டும்?"

சத்தம் கேட்டதா என்றேன். கேட்டிருக்கக் கூடாது.
"எனக்கில்லை. கோல்கீப்பருக்குக் கேட்டது.
அவள் இன்னும் அந்தப் பக்கம் பந்தை உருட்டுவதில்லை."

கொஞ்ச நேரம் கழித்து,
"பெர்க்லியோட் நல்ல புல்லில்தான் உடைத்துக்கொண்டாள்,
உங்கள் டென்மார்க்கில்,
அதையும் சொல்லவேண்டும்" என்றாள்.
சொல்லவேண்டும். என் பையில் இருக்கும் ஆய்வுகளும்
ஒன்றையொன்று முறைத்துக்கொண்டுதான் கிடக்கின்றன.

பெனால்டி புள்ளியருகே ஐம்பத்தாறு சதவீதம்.
ஐம்பத்தைந்துக்கு மேல் தேர்ச்சி.
எத்தனை பேர் குதித்துக் குதித்து
அந்த இடத்தை இறுக்கினார்களோ,
ஒரு சதவீதம் மிச்சம் வைத்திருக்கிறார்கள்.

கடைசி இடத்தில் அவள் கேட்டாள், நான் விடட்டுமா?
பொத்தானைக் காட்டினேன்.
டொம்.
கறுப்புத் துகள்கள் கொஞ்சம் எழும்பி அமர்ந்தன.
"இது முதல்தானே?"
ஆமாம்.
"எழுதாதே."
சிரித்துக்கொண்டே போனாள்.
படியில் ஏறும்போது கைப்பிடியைத் தேடிய கை
சிரிக்கவில்லை.

மீதி இரண்டையும் நான் விட்டேன். கையெழுத்துப் போட்டேன்.
மூன்று வருடத்துக்குச் செல்லும்.

கப்பலில் காலுறையைக் கழற்றியபோது
ஏழு ரப்பர் துகள்கள் உதிர்ந்தன.
கடலில் எறிய மனம் வரவில்லை,
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
பிறகு, நாள் முழுக்க மண்டியிட்ட
என் முட்டிகளை அழுத்திப் பார்த்தேன்,
ஒவ்வொன்றையும் மூன்று முறை.