உண்ணிக்கடிக்குப் பதினோரு பெயர்

ராணிப்பேட்டை சிப்காட். மாடிக் கூட்ட அறை.
இரண்டு ஏசியில் ஒன்று
மே மாதத்தோடு சமரசம் செய்துகொண்டிருந்தது.
சென்னையிலிருந்து வந்தவர் திரையில் ஒரு முக்கோணம் காட்டினார்:
அடியில் தரவு, நடுவில் அறிவு, உச்சியில் லாபம்.
முதலாளி உச்சியைப் பார்த்துத் தலையசைத்தார்.

அடிவாரம் எங்களுக்கு.
வெள்ளிக்கிழமை வரை
முபீனா ஏற்றுமதி பில் போட்டாள்,
குணாளன் பாய்லர் மீட்டர் பார்த்தான்,
நான் பழுதான பிரிண்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன்.
திங்கட்கிழமை கதவில் ஒரு தாள்: 'டேட்டா டீம்'.
செல்லோடேப் பிய்ந்து பாதி தொங்கியது.

பன்னிரண்டு வருஷத்துத் தரக்கணக்கைக் கொட்டினார்கள்.
எக்செல், எண்ணெய் படிந்த நோட்டு, வாட்ஸ்அப் படம்.
தோலில் உண்ணி கடித்த ஒரு புள்ளிக்குப்
பதினோரு பெயர்.
உண்ணி, உ.க., டிக், டி-2, பொட்டு, மிளகு,
பேரணாம்பட்டுக் கிடங்கில் வெறும் பெருக்கல் குறி,
ஆம்பூரில் 'பரவாயில்லை'.

பரவாயில்லை என்பது குறையா, தரமா?
ஒன்றரை மணி நேரம் அதற்கே போனது.

'ஈரப்பதம்' என்று ஒரு பத்தி.
பாலாறு மாதிரி.
பெயர் இருந்தது, அகலம் இருந்தது,
இறங்கிப் பார்த்தால் மணல்.

ஐந்து மாதம் கழித்து
மேஜைக்கு மேல் கேமரா ஏறியது.
நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரி.
ஆற்காட்டு மக்கன் பேடா வந்தது,
முதலாளி கையால் ஊட்டினார்.
கீழே தரம் பிரிக்கும் ஆறு பேரில்
லூர்துவின் ஒப்பந்தம் மட்டும்
அந்த வாரமே முடிந்தது.
பேடா இன்னும் பல்லிடுக்கில் இருந்தது எனக்கு.

பிறகு புதிய சப்ளையரின் சரக்கு.
நானூறு தோல். நானூறும் நல்ல தோலாம்.
குணாளன் கையால் தடவிப் பார்த்தான்:
கீறல், முள்வேலித் தழும்பு, உண்ணி,
வேண்டாம் விடு.

அன்று இரவு முபீனா ஒன்று செய்தாள்.
தன் கைப்பையை எடுத்து
அதன்மேல் மஞ்சள் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுக்
கேமராவுக்கு அடியில் வைத்தாள்.
ரிஜெக்ட்.
துடைத்துவிட்டு வைத்தாள்.
ஏற்றுமதித் தரம்.

குணாளன் சிரித்தான். நானும்.
அவள் சிரிக்கவில்லை.
கழிவுத் தோலில் எல்லாம் வட்டம் போட்ட பிறகுதானே
படம் எடுத்தோம்?
அது தோலைப் பார்க்கவே இல்லை.
பன்னிரண்டு வருஷமாக
எபனேசர் கை எங்கே வட்டம் போட்டதோ
அதை மட்டும் பார்த்திருக்கிறது.

காலையில் எபனேசரிடம் சொன்னோம்.
சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு கேட்டான்,
"அப்போ அந்தத் தொண்ணூத்தேழு என்னோடதா?
சம்பளத்துல எப்போ ஏறும்?"

முக்கோணக்காரரின் அறிக்கை நாற்பத்திரண்டு பக்கம்.
எங்களுடையது ஒரு வரி, மேஜைக்கு மேலே சுவரில்:
படம் முதலில், சாக்பீஸ் அப்புறம்.
எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுத்தோம்.
உண்ணிக்கு ஒரே பெயர்.
'பரவாயில்லை'யை மட்டும் அழிக்க மனம் வராமல்
மூன்றாவது வகையாக வைத்தோம்.
வாங்குபவர்கள் அதைத்தான் அதிகம் கேட்கிறார்கள்.

இப்போது எண்பத்தெட்டு. உண்மையான எண்பத்தெட்டு.
தெரியாததைத் தெரியாது என்று சிவப்பு விளக்குப் போடுகிறது,
எபனேசர் எழுந்து வந்து பார்க்கிறான்.

நேற்று முதலாளியிடமிருந்து ஒரு கோப்பு.
'தேவைப்படும் ஆட்கள்' என்ற பத்தி
காலியாக இருந்தது, நான் நிரப்ப வேண்டும்.
ஆறு என்று போட்டேன்.
பதில் ஒரே சொல்: தரவு?

கைப்பைப் படத்தை இணைத்து அனுப்பிவிட்டுக்
காட்பாடி பஸ்ஸுக்கு ஓடினேன்.
வாலாஜா தாண்டியும்
ஒற்றை டிக் மட்டும்.