நாலு முதல் ஒன்பது வரை

பேக்கர்ஸ்ஃபீல்டில் ஜூலை மாதம்
நாலு மணி அடிப்பதில்லை,
விலை ஏறுகிறது.

வெயில் சதமடித்து இருபது நாளாயிற்று.
மூன்று ஐம்பத்தைந்துக்கு
ஷாபியே வீட்டை ஒரு சுற்று வருவான்:
துவைக்கும் இயந்திரத்தை நடுவில் நிறுத்தி,
ஏசியைத் தணித்து,
கூடத்து விளக்கைக் கையாலேயே தடவி அணைத்து.
கடன்காரன் கதவைத் தட்டும்போது
வீட்டில் ஆளில்லாத மாதிரி
மூன்று பேரும் உட்கார்ந்திருப்போம்.
இடோயா பள்ளியில் வரைந்த கடிகாரத்தில்
நாலிலிருந்து ஒன்பது வரை
சிவப்புக் கிரேயான்.
டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்,
வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று.

நாலு கோடை இப்படி.

பிறகு காரேஜ் சுவரில் அது வந்தது,
திறக்கவே முடியாத
வெள்ளை ஃப்ரிட்ஜ் கதவு மாதிரி.
கூரை பழசு, சோலார் தாங்காது என்று
முன்பே கைவிரித்துவிட்டார்கள்.
ஆகவே எங்கள் பேட்டரிக்குச் சூரியனைத் தெரியாது.
நள்ளிரவில் வாங்கும்,
அந்தியில் கொடுக்கும், அவ்வளவுதான்.

அதே கம்பி, அதே மின்சாரம்.
பன்னிரண்டு மணிக்குச் சீந்துவாரில்லை,
ஆறு மணிக்கோ
மாப்பிள்ளை முறுக்கு.

ஷாபியே ஒரு நோட்டுப் போட்டான்.
பாதாம் லாரி ஓட்டுகிறவன் கையெழுத்து,
டீசல் கறை ஓரத்தில்.
செவ்வாய்: மிச்சம் இரண்டு டாலர் பத்து சென்ட்.
புதன்: இரண்டு டாலர் நாற்பது.
வியாழன்: இடோயா ஹேர் டிரையர். ஒன்று எண்பது.
நான் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
அசல் திரும்பப் பதினோரு வருடம்.
அப்போது இடோயா கார் ஓட்டிக்கொண்டிருப்பாள்,
இந்த வீட்டுக்கு அல்ல.

எங்கள் சண்டை முழுவதும் இருபது சதவீதத்தில்.
கரண்ட் போனால் வேண்டுமே என்று
அதற்குக் கீழே இறங்க விடமாட்டான்.
'போகாத கரண்டுக்குப் பயந்து
இருக்கிற கரண்டைப் பூட்டி வைக்கிறாய்' என்பேன்.
'மைத்தே, போன வருடம் செப்டம்பரில்
ஃப்ரீசரில் இருந்த ஆட்டிறைச்சி' என்பான்.
உண்மைதான். நாற்றம் ஒரு வாரம் போகவில்லை.

ஆகஸ்டில் ஒருநாள்
அவன் லாரி ஃப்ரெஸ்னோ தாண்டி நின்றிருந்தது.
ஆறு மணிக்கு அவனை மூட்டினேன்.
காரணம் கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை.
துணி போட்டேன், உலர்த்தியும் போட்டேன்.
ஏசியை நன்றாகக் குளிரவைத்தேன்.
எல்லா விளக்கும்.
வெளிச்சம் இருக்கும்போதே
விளக்கு எரிவதைப் பார்த்து
இடோயா கூடத்தில் குட்டிக்கரணம் அடித்தாள்.
ரொட்டி மேலே பொன்னிறம் பிடிக்க
போனில் பச்சைக்கோடு சரிந்தது,
அறுபது, நாற்பத்தொன்று,
ஏழு மணி ஐந்துக்கு இருபது.
கோடு சிவப்பாக மாறியது.
கடன்காரன் உள்ளே வந்துவிட்டான்.
வரட்டும், ரொட்டி வேகவேண்டும்.

பத்து மணிக்கு ஷாபியே வந்தான்.
முதலில் போனைப் பார்த்தான்,
பிறகு மேசையை,
பிறகு சோபாவில்
போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும் மகளை.
ஆகஸ்டில், போர்வை.
நின்றபடியே ஒரு விள்ளல் பிய்த்துத் தின்றான்.
நோட்டை எடுத்தான்.
நான் பாத்திரத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

காலையில்தான் படித்தேன்:
வெள்ளி. நஷ்டம் ஐந்து டாலர் நாற்பது.
அதன் கீழே, வேறு பேனாவில்:
உப்பு கொஞ்சம் கம்மி.

அன்றிரவு பன்னிரண்டுக்கு
விழித்துக்கொண்டிருந்தோம், இரண்டு பேரும்,
பேசாமல்.
காரேஜில் மெல்லிய முனகல் கேட்டது.
'வாங்க ஆரம்பித்துவிட்டது' என்றான்
இருட்டில்,
ஏதோ பிள்ளை பத்திரமாக வீடு திரும்பியதுபோல.